மிதிவண்டிப் பொருத்தமும் வீட்டுப் பராமரிப்பும்

மிதிவண்டிப் பொருத்தம் என்பது ஓட்டுபவரின் உடல் அளவுகளுக்கு ஏற்ப மிதிவண்டியின் சட்டகம், இருக்கை, கைப்பிடி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து அமைத்துக்கொள்ளும் முறை ஆகும். பேச்சு வழக்கில் சைக்கிள் எனப்படும் மிதிவண்டியில் ஓட்டுபவரின் உடலே இயந்திரமாகச் செயல்படுகிறது. எனவே இருக்கை இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் அதன் விளைவு முழங்காலில் தெரியும். வண்டியின் நிலையும் இதே அளவுக்கு முக்கியமானது. காற்றுக் குறைந்த டயர், காய்ந்த செயின், தேய்ந்த பிரேக் கட்டை ஆகிய மூன்றும் ஓட்டுபவரின் உழைப்பை வீணாக்குகின்றன. பிரேக் கட்டையைப் பொறுத்தவரை உயிருக்கும் ஆபத்து உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றை விலை உயர்ந்த கருவிகள் இன்றி, ஓர் அளவு நாடாவையும் சில ஸ்பானர்களையும் கொண்டு வீட்டிலேயே சரிசெய்யலாம்.

பின்னணி

இன்றைய மிதிவண்டியின் வடிவம் இங்கிலாந்தில் உருவானது. ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட ரோவர் மிதிவண்டியில் ஏறத்தாழ ஒரே அளவிலான இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் செயினும் இருந்தன. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். செயின், காற்று டயர், முக்கோணச் சட்டகம் என்ற அந்த அமைப்பு இன்றும் மாறவில்லை. சென்னையில் 1949ஆம் ஆண்டு முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. ஹெர்குலஸ், பிஎஸ்ஏ போன்ற பெயர்கள் தமிழ்நாட்டு வீடுகளில் பழக்கமானதற்கு இந்நிறுவனம் ஒரு காரணம்.

உடலுக்கும் வண்டிக்கும் பொருந்தாத நிலை தமிழர்களுக்குப் புதிதன்று. வாடகைக்கு எடுத்த பெரியவர்களின் சைக்கிளில், இருக்கைக்கு எட்டாத சிறுவர்கள் சட்டகத்தின் முக்கோணத்துக்குள் காலை விட்டு மிதித்து ஓட்டுவதற்குக் 'குரங்கு பெடல்' என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டபோது பெண்களுக்கான வண்டிகள் போதவில்லை. பலர் குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் வண்டியிலேயே கற்றனர். குழந்தையை உட்காரவைக்க அந்தக் கம்பி உதவுகிறது என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. இன்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. ஒரே வகுப்பில் படிப்பவர்களின் உயரம் 30 செ.மீ. வரைகூட வேறுபடலாம். கிடைத்த வண்டியின் சட்டகத்தை மாற்ற முடியாது. இருக்கையின் உயரத்தை மாற்ற முடியும். இருந்தும் பலர் வண்டி கைக்கு வந்த நாளில் இருந்த உயரத்திலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகின்றனர்.

அன்றாட மிதிவண்டி வகைகள்

சாதா சைக்கிள்: தடித்த இரும்புச் சட்டகம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், செயின் கார்டு, கேரியர் ஆகியவை கொண்ட வண்டி. எடை ஏறத்தாழ 20 கி.கி. ஒரே கியர் மட்டும் இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, சுமையோடு குறைந்த தூரம் செல்வதற்கு ஏற்றது.

கலப்பு வகை: நேரான கைப்பிடி, நடுத்தர அகல டயர், பல கியர்கள் கொண்டது. நகரத்தில் பள்ளி, கல்லூரி, அலுவலகம் செல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதுமானது.

சாலை மிதிவண்டி: கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி, 25 முதல் 32 மி.மீ. அகல டயர், 8 முதல் 11 கி.கி. வரை எடை கொண்டது. உடல் முன்னோக்கிச் சாய்வதால் காற்றின் எதிர்ப்புக் குறைகிறது. பல மணி நேரம் ஒரே நிலையில் உட்கார வேண்டியிருப்பதால், இவ்வகையில் பொருத்தத்தில் ஏற்படும் சிறு பிழையும் வலியாக மாறும்.

எடை குறைந்த வண்டியை வாங்கினால் வேகம் கூடும் என்பது பரவலான எண்ணம். சமதளச் சாலையில் வண்டியின் எடை இரண்டு கிலோ குறைவதைவிட, டயரின் தரமும் காற்றழுத்தமும் உட்காரும் நிலையும் வேகத்தை அதிகமாகப் பாதிக்கின்றன. எடையின் பயன் ஏற்றத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

சட்டக அளவு

சாதா சைக்கிள்கள் 20, 22, 24 அங்குலம் எனவும், சாலை மிதிவண்டிகள் 50, 52, 54 செ.மீ. எனவும், கலப்பு வகை வண்டிகள் சிறியது, நடுத்தரம், பெரியது எனவும் அளவிடப்படுகின்றன. ஒரு நிறுவனத்தின் 54 செ.மீ. சட்டகமும் இன்னொரு நிறுவனத்தின் 54 செ.மீ. சட்டகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எனவே எண்ணை மட்டும் நம்பாமல் வண்டியில் ஏறிப் பார்ப்பது அவசியம். இருக்கைக்கு முன்னால் இரு கால்களையும் தரையில் முழுமையாக ஊன்றி நிற்கும்போது, குறுக்குக் கம்பிக்கும் உடலுக்கும் இடையில் குறைந்தது 2 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும்.

இரண்டு அளவுகளுக்கு இடையில் ஐயம் ஏற்பட்டால் பெரும்பாலும் சிறியதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சிறிய சட்டகத்தில் இருக்கையை உயர்த்தவும் கைப்பிடியைத் தள்ளி வைக்கவும் வழி உண்டு. பெரிய சட்டகத்தைச் சுருக்க வழி இல்லை. வளரும் பிள்ளைகளுக்கு 'பிறகு சரியாகிவிடும்' என்று மிகப் பெரிய வண்டி வாங்கிக்கொடுப்பது ஆபத்தானது. நிறுத்தும்போது கால் தரையில் எட்டாமல் அவர்கள் சாய்ந்து விழ நேரிடும்.

இருக்கை உயரம்

பொருத்தத்தில் முதலில் சரிசெய்ய வேண்டியது இருக்கை உயரம். உட்கார்ந்த நிலையில் இரண்டு பாதங்களும் தரையில் பதிய வேண்டும் என்று எண்ணிப் பலர் இருக்கையைத் தாழ்த்திவைக்கின்றனர். இதனால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடுகிறது. சரியான உயரத்தில் உட்கார்ந்தால் ஒரு காலின் முன்பாதம் மட்டுமே தரையில் படும். முழுமையாக நிற்க வேண்டுமானால் இருக்கையிலிருந்து முன்னால் இறங்கிக் காலை ஊன்ற வேண்டும்.

எளிய குதிகால் முறை: ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவர் இருக்கையில் நேராக உட்கார வேண்டும். பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது, குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் முழுதும் நீண்டு நேராக இருக்க வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தைப் பெடலில் வைத்தால் முழங்காலில் சிறு மடிப்பு தானாக ஏற்படும். அந்த மடிப்பு 25 முதல் 35 பாகைக்குள் இருப்பது நல்லது எனக் கொள்ளப்படுகிறது.

கணக்கிடும் முறை: வெறுங்காலுடன் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு இடையில் மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். இது உட்கால் அளவு. இதை 0.883 என்ற எண்ணால் பெருக்கினால், பெடல் சுழலும் மைய அச்சிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரையிலான உயரம் கிடைக்கும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் வழியாக இந்த எண் புகழ்பெற்றது. உட்கால் அளவு 76 செ.மீ. எனில் இருக்கை உயரம் ஏறத்தாழ 67 செ.மீ.

இன்னொரு பழைய முறையில், தாழ்ந்த நிலையிலுள்ள பெடலிலிருந்து இருக்கை வரையிலான உயரம் உட்கால் அளவில் 109 விழுக்காடாக இருக்க வேண்டும். அதே 76 செ.மீ. அளவுக்கு இது 82.8 செ.மீ. ஆகும். கிராங்க் நீளமான 17 செ.மீ.யைக் கழித்தால் 65.8 செ.மீ. கிடைக்கும். இரு முறைகளுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருப்பதிலிருந்து, கணக்கு ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே என்பது விளங்கும். அதிலிருந்து ஒரு முறைக்கு 5 மி.மீ. வீதம் ஏற்றியோ இறக்கியோ, சில நாட்கள் ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் பார்க்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினால் இருக்கை மிக உயரம் என்று பொருள்.

இருக்கைத் தண்டில் 'இதற்கு மேல் உயர்த்தக் கூடாது' என்ற எல்லைக்கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கோடு சட்டகத்துக்கு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் ஓட்டும்போது தண்டு உடையவோ சட்டகம் விரிசல் விடவோ கூடும். அதற்கு மேல் உயரம் தேவைப்பட்டால் நீளமான தண்டு வாங்க வேண்டும்.

இருக்கையின் முன்பின் நிலையும் சாய்வும்

உயரத்துக்கு அடுத்தது இருக்கையின் முன்பின் நிலை. பெடல்கள் கிடைமட்டமாக இருக்கும்போது, முன்னால் உள்ள முழங்காலிலிருந்து தொங்கவிடும் தூக்குநூல் பெடல் அச்சின் மேல் விழ வேண்டும் என்பது நெடுநாள் வழக்கில் உள்ள விதி. இதற்கு உறுதியான உடற்கூற்று அடிப்படை இல்லை என்று அமெரிக்க மிதிவண்டி வடிவமைப்பாளர் கீத் போண்ட்ரேகர் எழுதியுள்ளார். ஆயினும் தொடங்குவதற்கு வசதியான இடம் என்ற அளவில் அது பயன்படுகிறது. இருக்கையைப் பின்னால் தள்ளும்போது கால் நீட்ட வேண்டிய தூரம் கூடுவதால், உயரத்தைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும்.

இருக்கை பெரும்பாலும் கிடைமட்டமாக இருக்க வேண்டும். மூக்குப் பகுதி மேல்நோக்கியிருந்தால் மென்மையான உறுப்புகளில் அழுத்தமும் மரத்துப்போதலும் ஏற்படும். கீழ்நோக்கியிருந்தால் உடல் முன்னால் வழுக்கி, அந்தப் பாரம் முழுவதும் கைகளில் இறங்கும். உடலின் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு உட்காரும் எலும்புகள். அவற்றுக்கு இடைப்பட்ட தூரம் ஆளுக்கு ஆள் மாறும். பெண்களுக்குச் சராசரியாகச் சற்றுக் கூடுதல். இருக்கையின் அகலம் இந்தத் தூரத்துக்குப் பொருந்த வேண்டும். பஞ்சு போன்ற தடித்த உறை குறைந்த தூரத்துக்கு இதமாக இருந்தாலும், நீண்ட தூரத்தில் எலும்பு அதில் புதைந்து சுற்றியுள்ள தசையை அழுத்துகிறது.

கைப்பிடி

கைப்பிடியைப் பிடிக்கும்போது முழங்கை சற்று மடங்கியிருக்க வேண்டும். தோள்கள் காதை நோக்கி உயரக் கூடாது. முழங்கை விறைப்பாக நீண்டிருந்தால் சாலையின் ஒவ்வொரு அதிர்வும் நேராகத் தோளுக்கும் கழுத்துக்கும் செல்லும். தொடக்க நிலையில் உள்ளவர்கள் கைப்பிடியை இருக்கையின் உயரத்திலோ சற்று மேலோ வைத்துக்கொள்வது நல்லது. பந்தய வீரர்களைப் போலத் தாழ்ந்து ஓட்ட முதுகுத் தசைகளுக்கும் இடுப்புக்கும் பயிற்சி வேண்டும். சாதா சைக்கிளின் கைப்பிடித் தண்டிலும் எல்லைக்கோடு உண்டு. அதையும் மீறக் கூடாது.

வலியும் அதன் வழக்கமான காரணமும்

முழங்காலின் முன்புற வலி: இருக்கை தாழ்வு அல்லது மிக முன்னால் இருத்தல், கடினமான கியரில் அழுத்தி மிதித்தல்.

முழங்காலின் பின்புற வலி: இருக்கை மிக உயரம் அல்லது மிகப் பின்னால் இருத்தல்.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போதல்: உள்ளங்கையின் ஓரமாகச் செல்லும் நரம்பில் அழுத்தம். இருக்கையின் முன்சாய்வையும் கைப்பிடியின் தூரத்தையும் சரிபார்த்து, பிடியை அடிக்கடி மாற்ற வேண்டும்.

கழுத்து வலி: கைப்பிடி மிகத் தொலைவில் அல்லது மிகத் தாழ்வாக இருத்தல்.

கீழ்முதுகு வலி: கைப்பிடி எட்டாமை, உயரமான இருக்கையால் இடுப்பு ஆடுதல்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு, மூன்று மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் எது பயன் தந்தது என்று தெரியாது. மாற்றும் முன் பழைய அளவைத் தண்டில் ஒட்டுநாடாவால் குறித்துக்கொள்வது உதவும். சரிசெய்த பின்னும் வலி தொடர்ந்தால் மருத்துவரை அணுக வேண்டும்.

சக்கர அளவில் ஏற்படும் குழப்பம்

டயர் வாங்குவதில் அங்குல அளவு பலரை ஏமாற்றுகிறது. '26 அங்குலம்' என்று விற்கப்படும் டயர்கள் எல்லாம் ஒரே ரிம்மில் பொருந்துவதில்லை. மலை மிதிவண்டியின் 26 அங்குல டயர் உட்காரும் ரிம் விட்டம் 559 மி.மீ.; 26 × 1 3/8 என்ற பழைய வகைக்கு அது 590 மி.மீ. சாதா சைக்கிளின் 28 × 1 1/2 டயருக்கு 635 மி.மீ.; சாலை மிதிவண்டியின் 700சி டயருக்கு 622 மி.மீ. எனவே டயரின் பக்கச்சுவரில் '28-622', '40-635' என்பதுபோல அச்சிடப்பட்டுள்ள இரட்டை எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இரண்டாவது எண் கட்டாயம் பொருந்த வேண்டும். முதல் எண்ணில் சிறு வேறுபாடு இருக்கலாம்.

காற்றழுத்தம்

காற்றழுத்தம் பிஎஸ்ஐ அல்லது பார் அலகில் அளக்கப்படுகிறது; 1 பார் ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ. டயர் அகலமாக ஆக, தேவையான அழுத்தம் குறையும். ஏறத்தாழ 65 கி.கி. எடையுள்ள ஒருவருக்குப் பின்வரும் அளவுகளில் தொடங்கலாம்:

25 மி.மீ. டயர்: 80 முதல் 95 பிஎஸ்ஐ
28 மி.மீ. டயர்: 65 முதல் 80 பிஎஸ்ஐ
32 மி.மீ. டயர்: 50 முதல் 65 பிஎஸ்ஐ
40 மி.மீ. டயர்: 40 முதல் 55 பிஎஸ்ஐ

பின்சக்கரமே கூடுதல் எடையைத் தாங்குவதால் அதில் சற்று அதிகமாகவும் முன்சக்கரத்தில் சற்றுக் குறைவாகவும் வைக்கலாம். டயரில் அச்சிட்டுள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. கல்லாக இறுகிய டயர் வேகமாக உருளும் என்பது எப்போதும் உண்மையன்று. கரடுமுரடான சாலையில் அத்தகைய டயர் துள்ளும், அதிர்வு உடலுக்குள் செல்லும், உழைப்பு வீணாகும்.

சாதா சைக்கிளில் உள்ள டன்லப் வால்வில் காற்றை அடைத்து நிறுத்துவது ஒரு சிறு ரப்பர் குழாய். வழக்கில் இதை வால்வு டியூப் என்பர். பஞ்சர் இல்லாமல் காற்று இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வால்வின் வாயில் எச்சிலோ சோப்பு நீரோ தொட்டு வைத்தால் குமிழி வரும். சில ரூபாய் விலையுள்ள இக்குழாயை மாற்றினால் போதும்.

பஞ்சர் ஒட்டுதல்

டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்து, நீர் நிறைந்த வாளியில் முக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி எழும். ஓட்டையின் இடமும் வடிவமும் காரணத்தைச் சொல்லும். டியூபின் வெளிப்பக்கத்தில் ஒற்றை ஓட்டை இருந்தால் முள் அல்லது ஆணி. உட்பக்கத்தில், அதாவது ரிம் பக்கத்தில் இருந்தால், ரிம் டேப் நகர்ந்து ஸ்போக்ஸ் முனை குத்தியிருக்கும். அருகருகே இரண்டு கீறல்கள் இருந்தால் அது பாம்புக்கடி எனப்படும். காற்றுக் குறைந்த டயர் பள்ளத்தில் மோதி, ரிம்முக்கும் தரைக்கும் இடையில் டியூப் நசுங்கியதன் அடையாளம் அது.

ஒட்டும் இடத்தை நன்கு காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷனை மெல்லியதாகப் பூச வேண்டும். ஈரம் போய் லேசாக ஒட்டும் பதம் வரும் வரை சில நிமிடங்கள் காத்திருந்து, பிறகு ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். பூசியவுடன் ஒட்டினால் பிடிக்காது. டியூபைத் திரும்பப் போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். சீமைக்கருவேல முள் டயருக்குள் ஒடிந்து நின்றுவிடுவது வழக்கம். அதை எடுக்காவிட்டால் அடுத்த தெருவிலேயே மீண்டும் பஞ்சர் ஆகும்.

செயின்

செயினின் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குல நீளம் கொண்டது. ஓடஓட உள்ளே இருக்கும் ஊசிகள் தேய்ந்து செயின் நீள்கிறது. இதை ஒரு சாதாரண அளவுகோலால் சோதிக்கலாம். புதிய செயினில் 24 கண்ணிகளின் நீளம், ஊசி மையத்திலிருந்து ஊசி மையம் வரை, சரியாக 12 அங்குலம். இது 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் கூடியிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். புதிய செயின் போட்டாலும் அந்தப் பற்களில் அது வழுக்கும். குறித்த காலத்தில் செயினை மட்டும் மாற்றுபவருக்குப் பல்சக்கரத்தின் செலவு மிச்சமாகும்.

செயினைச் சுத்தம் செய்ய முதலில் பழைய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். அழுக்கு மிகுதியாக இருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணி அல்லது பல்துலக்கும் தூரிகை பயன்படும். அடுப்புக்கும் தீக்கும் அருகில் இதைச் செய்யக் கூடாது. மண்ணெண்ணெய் டயரிலோ பிரேக்கிலோ சக்கரத்தின் பால்ஸ் பகுதியிலோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நன்கு காய்ந்த பின் ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு செயின் ஆயில் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, சிறிது நேரம் கழித்து வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். ஆயில் தேவைப்படுவது உருளைக்கு உள்ளேதான். வெளியே தங்கும் ஆயில் தூசியைப் பிடித்து, உப்புத்தாள் போலச் செயினைத் தேய்க்கும்.

தேங்காய் எண்ணெய் விரைவில் பிசுபிசுத்துவிடும். வாகனங்களிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலில் உலோகத் துகள்கள் இருக்கும். இரண்டும் செயினுக்கு ஏற்றவை அல்ல. மழையில் நனைந்த வண்டியின் செயினை அன்றே துடைத்து ஆயில் விடுவது நல்லது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் துரு விரைவாகப் பிடிப்பதால் இன்னும் அடிக்கடி கவனிக்க வேண்டும்.

ஒற்றைக் கியர் வண்டியில் செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஏறத்தாழ அரை அங்குலம் தளர்வு இருக்க வேண்டும். கூடுதலாகத் தளர்ந்தால் செயின் கழலும். பின்சக்கர நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னால் இழுத்து இறுக்க வேண்டும். கியர் வண்டியில் பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் ஏறத் தயங்கினால், பின் கியர் மாற்றியில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள சிறு உருளைத் திருகைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்று வீதம் திருப்பிப் பார்க்கலாம். வண்டி வலப்பக்கம் விழுந்த பின் கியர் ஒழுங்கற்று மாறினால், கியர் மாற்றியைத் தாங்கும் கொக்கி வளைந்திருக்கக்கூடும். அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் கியர் மாற்றி ஸ்போக்ஸுக்குள் சிக்கும்.

பிரேக்

பிரேக் கட்டையில் உள்ள பள்ளங்கள் தேய்ந்து மறைந்தால் கட்டையை மாற்ற வேண்டும். கட்டை முழுதும் ரிம்மின் மேல் பட வேண்டும். மேலே ஏறி டயரில் உரசினால் டயர் அறுந்துவிடும். கீழே இறங்கினால் ஸ்போக்ஸுக்குள் போகும். ரிம்முக்கும் கட்டைக்கும் இடைவெளி 2 முதல் 3 மி.மீ. போதும். லீவரை முழுதாக அழுத்தினாலும் அது கைப்பிடியைத் தொடக் கூடாது. தொட்டால் கேபிளை இறுக்க வேண்டும். கேபிளின் இழைகளில் ஒன்று அறுந்து தெரிந்தாலும் புதிய கேபிள் போடுவதே பாதுகாப்பு.

சோதிப்பது எளிது. வண்டிக்கு அருகில் நின்று முன்பிரேக்கை அழுத்தி வண்டியை முன்னால் தள்ளினால் பின்சக்கரம் மேலே எழ வேண்டும். பின்பிரேக்கை அழுத்தித் தள்ளினால் பின்சக்கரம் சுழலாமல் தரையில் இழுபட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் செல்வதால், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன்பிரேக்கிலிருந்தே கிடைக்கிறது. 'முன்பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம்' என்று பயந்து அதைக் கழற்றிவிடுவது ஆபத்தானது. உடலைப் பின்னுக்குத் தள்ளி, இரு பிரேக்குகளையும் சீராக அழுத்திப் பழக வேண்டும்.

சாதா சைக்கிளின் குரோமியம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக்கின் பிடிமானம் வெகுவாகக் குறையும். மழையில் வேகத்தைக் குறைத்து, நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிரேக்கை அழுத்தி ரிம்மிலுள்ள நீரைத் துடைத்துக்கொள்ள வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் தகட்டின் மேல் ஆயிலோ விரலோ படக் கூடாது.

புறப்படும் முன் சோதனை

காற்று, பிரேக், செயின் ஆகிய மூன்றையும் தினமும் புறப்படும் முன் பார்க்க ஒரு நிமிடம் போதும். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இரு பிரேக்குகளையும் பிடித்து, பெடலைப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றிச் செயினின் ஓசையைக் கேட்க வேண்டும். நெம்புகோலால் சக்கரத்தைப் பூட்டும் வண்டிகளில் அந்த நெம்புகோல் இறுக மூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வாரம் ஒரு முறை: காற்றடித்தல், டயரில் குத்தியுள்ள கண்ணாடித் துகள்களை நீக்குதல், செயினைத் துடைத்தல்.

மாதம் ஒரு முறை: பிரேக் கட்டை, கேபிள், எல்லா நட்டுகளும் போல்ட்டுகளும். முன்பிரேக்கை அழுத்தி வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது கைப்பிடித் தண்டின் அடியில் தட்டும் ஓசை கேட்டால் அங்குள்ள பால்ஸ் தளர்ந்துள்ளது. சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரிந்தால் கோன் தளர்ந்துள்ளது.

ஆண்டுக்கு ஒரு முறை: கடை வழக்கில் 'ஓவராயில்' எனப்படும் முழுப் பிரிப்பு. பால்ஸ் அனைத்தையும் கழுவி, புதிய கிரீஸ் வைத்துப் பூட்டுதல். மழைக்காலம் முடிந்த பின் இதைச் செய்வது பொருத்தம்.

வீட்டில் இருக்க வேண்டிய கருவிகள்

அழுத்தமானி உள்ள காற்றுப் பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், உபரி டியூப், ஸ்பானர் தொகுதி, 4, 5, 6 மி.மீ. ஆலன் சாவிகள், திருப்புளி, செயின் ஆயில், பழைய துணி ஆகியவை போதும். பெடலைக் கழற்றும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: வலப் பெடலின் மரை வழக்கமானது, இடப் பெடலின் மரை எதிர்த்திசையிலானது. இடப் பெடலைக் கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் பலத்தைக் காட்டினால் கிராங்கின் மரை அழிந்துவிடும்.

உடைமைகள்

தலைக்கவசம் நெற்றியை மூடி, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் கிடைமட்டமாக இருக்க வேண்டும். வார் காதின் கீழே சேர்ந்து, தாடைக்கு அடியில் ஒரு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுகியிருக்க வேண்டும். ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தின் உள்நுரை நசுங்கியிருக்கும் என்பதால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் அதை மாற்ற வேண்டும். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் தேவை. பட்டைப் பிரதிபலிப்பான் விளக்குக்கு மாற்றாகாது. நீண்ட தூரம் செல்பவர்களுக்குப் பஞ்சு வைத்த அரைக்கால் சட்டையும் கையுறையும் தண்ணீர்க் குப்பியும் பயன்படும். செயின் கார்டு இல்லாத வண்டியில் முழுக்கால் சட்டையின் வலக்கால் நுனியை மடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். சேலைத் தலைப்பு, துப்பட்டா ஆகியவை சக்கரத்தில் சிக்காதபடி முடிந்துகொள்ள வேண்டும். பின்சக்கரத்துக்கு வலைக்காப்பு போடுவது மேலும் நல்லது.

கடைக்காரரிடம் விட வேண்டியவை

ரிம் கோட்டம் எடுத்தல், அறுந்த ஸ்போக்ஸ் மாற்றுதல், கிராங்கின் மைய அச்சைப் பிரித்தல், காட்டர் பின் அடித்தல் ஆகியவற்றுக்குத் தனிக் கருவியும் கைப்பழக்கமும் வேண்டும். ஸ்போக்ஸ் ஒன்றைத் தவறாக இறுக்கினால் சக்கரம் முழுவதும் கோணலாகும். சட்டகத்திலோ முன் ஃபோர்க்கிலோ விரிசல் தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டவே கூடாது. பெயிண்ட் உரிந்து மெல்லிய கோடாகத் தோன்றும் துருவும் விரிசலின் அறிகுறியாக இருக்கலாம். ஓடும்போது ஃபோர்க் ஒடிந்தால் ஓட்டுபவர் முகம் தரையில் மோத விழுவார். ஆகவே வண்டியைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் இணைப்புகளைக் கண்ணால் பார்த்துக்கொள்வது, வீட்டுப் பராமரிப்பில் செலவே இல்லாத, ஆனால் தவறவிடக் கூடாத வேலையாகும்.